நுரை நிற்பது எதனால்?

நுரை என்னுஞ் சொல்லைத் தமிழர் மதித்து வழங்குவது அரிது. நிலையாமையைப் பாட விழைந்த புலவர் பலரும் நீர்க்குமிழியையே உவமை கொண்டனர். பொருளற்ற ஆரவாரத்தை நுரையென்று தள்ளுவோரும் உளர். அங்ஙனமிருக்க, பதுளைக் கடைத்தெருவிலே, விடியற்காலைப் பஸ்ஸுக்கு வந்து நிற்கும் ஒருவரிடம் நுரையில்லாத பால் தேநீரை நீட்டிப் பாருங்கள். அவர் வாய் திறவாமலே கிளாசைத் திருப்பி நீட்டுவார். கடைக்காரரும் மறுபேச்சின்றி, ஒரு முழ உயரத்திலிருந்து இன்னும் இருமுறை ஆற்றிக் கொடுப்பார். இகழப்படும் நுரைக்கு ஈண்டு இத்துணை மதிப்பு!

பதுளைக்கு வந்த அன்பர்கள் துன்ஹிந்த நீர்வீழ்ச்சியைக் கண்டிருப்பர். அறுபது மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து வீழும் அந்நீர் முழுவதும் வெண்ணுரையாகவே தோன்றும். ஆயினும் அடிவாரத்துக் குளத்தைக் கடந்து சிறிது தூரம் ஓடியதும் அந்நுரை எங்கே போயிற்றென்று தெரியாது. அறுபது மீற்றர் வீழ்ந்தும் நில்லாத நுரை, ஒரு முழம் வீழ்ந்த தேநீரிலே கடைசி மிடறு வரை நிற்கின்றது. ஆகவே, நுரையை எழுப்புவது வேறு, நிறுத்துவது வேறு. எழுப்புவதற்கு விசை போதும். நிறுத்துவதற்கோ நீருக்குள்ளே ஒரு பொருள் கரைந்து கிடத்தல் வேண்டும். இவ்வுண்மையை நாம் நூலகத்திற் கற்றதில்லை. வீட்டில் ஊறிய இஞ்சி பியரும், எமது வகுப்பு மாணவன் ஒருவனும், அவன் தாயாருமே எமக்குக் கற்பித்தனர். அவ்வரலாற்றை விழா மலரிலே எழுதுவது பொருந்தும் என எண்ணினோம்.

மலைநாட்டு வீடுகளிலே தீபாவளி, நத்தார், புதுவருடம் ஆகிய நாள்களை அடுத்து இஞ்சி பியர் ஊறுவதுண்டு. பச்சை இஞ்சியை நசுக்கிச் சீனியோடு கொதிக்க வைத்து, இளஞ்சூட்டுக்கு ஆறியபின் தேசிக்காய்ச் சாறு பிழிந்து, ஈஸ்ட் சிறிது தூவி மூடி வைப்பர். ஈஸ்ட் என்பதைப் பாடநூல்கள் மதுவம் என்னும். அது சீனியை உண்டு, காபனீரொட்சைட்டு வாயுவையும் மதுசாரத்தையும் வெளிவிடும். பின்னர் வடித்துப் போத்தலில் அடைக்கும்போது இரண்டு முந்திரிகை வற்றலை உள்ளே இடுவது பழைய வழக்கம். வற்றலின் சுருக்கங்களில் வாயுக்குமிழிகள் ஒட்டிக்கொள்ள, அது மெல்ல மேலெழும்பி மிதக்கும். மிதந்தால் பானம் ஆயிற்று என்பது கணக்கு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையில் இஃது விரைந்து நிகழும். 1,400 மீற்றருக்கு மேலுள்ள ஹப்புத்தளைக் குளிரிலோ மதுவம் சோம்பிக் கிடக்கும். விரைவு மிகுந்து, பொறுமை குறைந்தால் போத்தல் வெடிப்பதும் உண்டு.

இத்துணைப் பாடுபட்டு ஆக்கிய பானத்தைக் கிளாசில் வார்க்கும்போது நுரை 'சோ'வென்று பொங்கும். விருந்தினர் கையிற் சேருமுன் அடங்கிவிடும். வாயு இருக்கின்றது, காரம் இருக்கின்றது, நுரை மாத்திரம் நிற்பதில்லை. இஃது எமது வீட்டிலும் ஆண்டுதோறும் நிகழ்ந்த ஒன்றே. அதனை ஒரு குறையாக நாம் எண்ணியதும் இல்லை.

ஒருநாள் பத்தாந்தர வகுப்பிலே நிலையாமையைப் பற்றிய செய்யுட் பாடம் நடந்தது. நீர்க்குமிழி உவமையை விளக்கி, இஞ்சி பியர் நுரையையும் எடுத்துக் காட்டினோம். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்தான். அதிகம் பேசாத பிள்ளை. "எல்லா நுரையும் ஒடனே போயிராது சேர். எங்கப்பா குடிக்கிற பியருல கடைசி வரைக்கும் நிக்கும்" என்றான். வகுப்புச் சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கூறியது உண்மை. உவமையின் குறை அவன் கண்ணுக்குத் தெரிந்திருந்தது. அதைக் காண்பதற்கு அவன் எத்தனை மாலைப் பொழுதுகள் ஓர் அறையின் மூலையில் அமர்ந்து அந்தக் கிளாசைப் பார்த்திருப்பான் என்பதையும் நாம் எண்ணாமல் இருக்க இயலவில்லை. "ஒரு நுரை நிற்பதும் மற்றொன்று நில்லாததும் ஏன் என்று, வாணி விழா முடிந்தபின் இஞ்சி பியரை வைத்தே ஆராய்வோம்" என்று வகுப்பிற் கூறினோம்.

நான்காம் நாள் அவன் தாயார் பாடசாலைக்கு வந்தார். கொழுந்து பறிக்கும் வேலையில் அரைநாளை விட்டு வந்திருந்தார். அமரச் சொல்லியும் அமரவில்லை.

"கோவிச்சுக்காதீங்க சேர். புள்ளைங்களுக்கு இஸ்கூல்ல பியரு செஞ்சு காட்டப் போறீங்கன்னு எங்க பெரியவன் சொன்னான். எங்க வூட்டுல அந்த நுரையப் பார்த்தது போதும் சேர். இவன் கண்ணுக்கு அது அழகாத் தெரியக் கூடாது."

"யோசிக்கிறேன் அம்மா. நீங்க சொல்றதை விட்டுட்டு ஒன்னும் செய்ய மாட்டேன்" என்று கூறி அனுப்பினோம்.

இதற்கு எளிய மறுமொழிகள் இரண்டு இருந்தன. 'பெயரிலே மாத்திரந்தான் பியர். மற்றும்படி இஞ்சித் தண்ணீர்' என்பது ஒன்று. அஃது உண்மையன்று. மதுவம் வாயுவை மட்டும் தனியே தருவதில்லை. வாயு பிறக்குமிடத்தில் சிறிதளவேனும் மதுசாரமும் பிறக்கும். நாள் கூடினால் அளவும் கூடும். தோட்டங்களிலே சம்பள நாளின் மாலை எவ்வாறு கழிகின்றதென்பதை அறிந்த எவரும் அந்தத் தாயிடம் அளவுக் கணக்குப் பேசத் துணியார். அனுமதியின்றி மது ஆக்குவதைத் தடுக்க 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் உண்டு. அதற்கும் மிகப் பழையதாய் வள்ளுவர் வகுத்த கள்ளுண்ணாமை என்னும் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரமும் உண்டு. இரண்டும் இருக்கவே கசிப்பும் இருக்கின்றது.

ஆராய்ச்சியை அடியோடு கைவிடுவது மற்றை மறுமொழி. கைவிட்டிருந்தால், மாணவனது கேள்விக்கு விடை கூறும் உரிமை மதுச்சாலைக்கே போயிருக்கும். அந்த நுரையில் ஏதோ ஒரு மாயம் இருக்கின்றதென்றே அவன் எண்ணி வளர்ந்திருப்பான். ஆகவே, நுரையை மதுவினின்றும் பிரித்துக் காட்டல் கூடுமா என்று தேடத் தொடங்கினோம்.

முதலிலே பியரின் நுரை நிற்பது எதனால் என்று அறிய வேண்டியிருந்தது. பியர் எமது அயலுக்குப் புதியதன்று. பின்னாளில் நைல் நதியின் ஏரிகளைத் தேடிச் சென்று புகழெய்திய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், 1840களின் இறுதியில் நுவரெலியாவிற் குடியேறி, அங்கே பியர் காய்ச்சவும் முயன்றார். 1881இல் அந்நகரிலே தொடங்கிய பியர்ச்சாலை ஒரு நூற்றாண்டுக்கு மேல் அங்கு இயங்கிப் பின்னரே மேல் மாகாணத்துப் பியகமவுக்கு மாறிற்று. தமிழ் கற்பிப்போர் இன்னும் பின்னே செல்லலாம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையிலே வீட்டில் ஆக்கும் அரிசிக் கள்ளின் செய்முறை வருகின்றது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுள்ள தட்டிலே ஆற்றி, இடித்த முளையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய விட்டு, சாடியில் விளைய வைத்துப் பிழியும் முறை அது. முளைத்த தானியத்தைக் கொண்டு மாப்பொருளை இனிப்பாக்கிப் புளிக்க வைக்கும் இவ்வழியே, வாற்கோதுமை கொண்டு பியர் ஆக்குவோரின் வழியுமாகும். முன்னோர் செய்தனர் என்பதற்காக நாமும் செய்ய வேண்டும் என்பது எமது கருத்தன்று. தானியம் என்ற சொல்லிலே எமது கேள்விக்கான விடையின் பாதி இருந்தது என்பதற்காகவே இதனை எடுத்துக் கூறினோம்.

தானியத்திலே புரதம் உண்டு. வாற்கோதுமையின் புரதங்களிற் சில கொதித்தும் அழியாமல் பியரிலே கரைந்து நிற்கும். வாயுக்குமிழி மேலெழும்போது அப்புரதங்கள் குமிழியின் சுவரிலே வந்து படிந்து, ஒன்றோடொன்று கைகோத்து, மெல்லிய தோல்போல் அதனைப் போர்த்துகின்றன. பியருக்குக் கசப்பூட்டச் சேர்க்கும் ஹொப்ஸ் என்னும் கொடிப்பூவின் கசப்புப் பொருள்களும் அப்புரதங்களோடு பிணைந்து தோலை இறுக்குகின்றன. நுரை கிளாசின் சுவரிலே வலைபோல் ஒட்டி நிற்பதும் இதனாலேயே. இஞ்சி பியரிலோ இஞ்சி, சீனி, புளிப்பு ஆகியவையே உள. புரதம் இல்லையென்றே சொல்லலாம். வாயு குறைவதால் அதன் நுரை விழுவதில்லை. போர்வை இல்லாமையால் விழுகின்றது. மதுசாரத்துக்கும் நுரையை நிறுத்தும் வேலைக்கும் தொடர்பில்லை. மதுசாரம் மிகுந்தால் நுரை கெடுவதே வழக்கம். அந்தக் கிளாசிலே கண்ணைக் கவர்ந்தது ஒன்று. குடும்பத்தைக் கெடுத்தது வேறொன்று. இதனை அறிந்தபோது எமக்கு வழி பிறந்தது.

நுரையை அழிப்பவை எவை என்பதும் அறியத்தக்கது. முதலாவது பகை எண்ணெய். வடை தின்ற உதடு கிளாசிலே பட்ட மாத்திரத்தில் அவ்விடத்து நுரை சரியும். எண்ணெய் குமிழிச் சுவரிலே பரவிப் புரதங்களின் கைகோப்பை விலக்குவதே காரணம். இரண்டாவது பகை சவர்க்காரம். தானே நுரைக்கும் சவர்க்காரம் பிறிதொரு நுரையைக் கெடுக்குமோ என்று ஐயுறலாம். கெடுக்கும். சவர்க்காரத்தின் சிறு மூலக்கூறுகள் விரைந்தோடிச் சுவரிலே இடம்பிடித்து, மெல்ல வந்து கைகோக்கும் புரதங்களைத் தள்ளிவிடும். இரண்டு கூட்டத்தாரும் தனித்தனியே நுரையைத் தாங்க வல்லர். ஒரே சுவரிலே சேர்ந்தால் இருவர் வேலையும் கெடும். மூன்றாவது சூடு. பானம் குளிர்ந்திருந்தால் வாயு அதனுள் கரைந்து அடங்கி நின்று, சிறிது சிறிதாக வெளிவரும்; சூடானால் ஒரேயடியாகப் பொங்கி ஓடிவிடும். இவற்றோடு குமிழிகளுக்குள்ளே ஒரு வழக்கமும் உண்டு. சிறு குமிழியினுள் அழுத்தம் மிகுதி. ஆதலால் அதன் வாயு அயலிலுள்ள பெருங்குமிழிக்குக் கசிந்து சேரும். சிறியது மறையப் பெரியது மேலும் பெருத்து வெடிக்கும். குமிழிகள் யாவும் ஒரே அளவினவாய் இருந்தால் இக்கசிவு தாமதமாகும்.

இவையெல்லாம் பெரிய ஆய்வுகூடங்களுக்கே உரியன என்று எண்ணும் மாணவருக்கு ஒரு வரலாறு கூறுவோம். ஜேர்மனியின் பிரவுன்சுவைக் நகரிலே ஆக்னஸ் பொக்கல்ஸ் என்னும் பெண்மணி இருந்தார். 1862இற் பிறந்தவர். அக்காலத்திலே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கப்படவில்லை. பெற்றோரைப் பராமரித்து, சமைத்து, பாத்திரம் கழுவி வந்தார். கழுவும் நீரின் மேற்பரப்பை எண்ணெயும் சவர்க்காரமும் எவ்வாறு மாற்றுகின்றன என்பதை, தகரத் தொட்டியொன்றைத் தாமே அமைத்து ஆண்டுக்கணக்காக அளந்தார். 1891இல் தம் முடிவுகளை றேலி பிரபு என்னும் ஆங்கில விஞ்ஞானிக்கு எழுதி அனுப்பினார். அவர் அக்கடிதத்தை 'நேச்சர்' என்னும் விஞ்ஞான இதழுக்கு அனுப்பி அவ்வாண்டே வெளிவரச் செய்தார். மேற்பரப்பைப் பற்றிய பிற்கால விஞ்ஞானத்துக்கு அந்த அடுக்களைத் தொட்டி முன்னோடியாயிற்று. இவரைப் பற்றி வகுப்பிலே கூறியபோது பெண் பிள்ளைகள் நிமிர்ந்து அமர்ந்தமை எமக்கு நன்கு நினைவிருக்கின்றது.

இனி, இஞ்சிப் பானத்துக்குப் புரதத்தை எங்கே தேடுவது? பழைய ஆங்கிலச் செய்முறைகள் சிலவற்றில் முட்டையின் வெள்ளைக்கரு வருகின்றது. வாணி விழாவை அடுத்த நாள்களிலே, சைவப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பிலே அது பொருந்தாது. விடை பூசை அறையிலேயே இருந்தது. நவராத்திரி ஒன்பது நாளும் நம் இல்லங்களிலே கடலை அவிகின்றது. அவித்த நீரைக் கொட்டிவிடுவதே வழக்கம். அந்நீரிலே கடலையின் புரதமும், நுரைக்கும் இயல்புடைய சப்போனின் என்னும் பொருளும் கரைந்திருக்கும். 2014ஆம் ஆண்டளவிலே பிரான்சு நாட்டவர் ஒருவர் இத்தகைய நீரை அடித்து முட்டை வெள்ளைக்கருவைப் போல் நுரைக்கச் செய்யலாம் எனக் காட்டியபின், மேனாட்டுச் சமையலறைகளிலே அதற்குப் பெரும் பெயர் உண்டாயிற்று. நம்மவர் கொட்டிய நீர் அங்கே பண்டமாயிற்று!

ஆகவே மதுவத்தை அறவே நீக்கினோம். செய்முறை இது: பச்சை இஞ்சி 250 கிராம் நசுக்கி, ஒரு லீற்றர் நீரில் 500 கிராம் சீனியோடு கொதிக்க வைத்து, வடித்து, ஆறியபின் நான்கு தேசிக்காய்களின் சாறு சேர்த்துப் பாகாக வைத்துக்கொள்க. ஊறவைத்த கடலையை உப்பிடாமலும் எண்ணெய் படாமலும் அவித்து, நீரை வடித்து, விரலிடையே சற்று வழுக்குமளவு வற்ற வைத்துக் குளிரச் செய்க. கிளாஸ் ஒன்றுக்கு இரண்டு மேசைக்கரண்டிக் கடலை நீரும் சிறிது இஞ்சிப் பாகும் கிண்ணத்திலிட்டு, சுத்தமான மத்தினால் வெண்மையாகும்வரை கடைந்து கிளாசில் இடுக. அதன்மேல் பாகு ஒரு பங்குக்குக் குளிர்ந்த சோடா மூன்று பங்கு என்ற அளவிலே, கிளாசின் ஓரமாக மெதுவாக வார்க்க. வாயு கீழிருந்து எழ, நுரை மேலே தலைப்பாகை போல் எழும்பி நிற்கும். இதிலே புளிப்பதற்கு எதுவும் இல்லை. மயக்குவதற்கும் எதுவும் இல்லை.

ஆய்வு நாளுக்கு முன்பே அந்தத் தாயாருக்கு இவற்றைச் சொல்லி அனுப்பியிருந்தோம். அன்று அவர் வந்து விறாந்தையிலே நின்றார். வகுப்பிலே நான்கு கிளாசுகள் வைத்தோம். நான்கிலும் ஒரே பாகும் சோடாவுமே. முதலாவதிற் கடலை நீர் இல்லை, இரண்டாவதில் உண்டு, மூன்றாவதிற் கடலை நீர் இட்டு, விளிம்பிலே வடை எண்ணெய் தடவினோம், நான்காவதோ சவர்க்காரத்தாற் கழுவி அலசாத கிளாஸ். அடிமட்டத்தைக் கிளாசோடு சேர்த்துப் பிடித்து, அரை நிமிடத்துக்கு ஒருமுறை நுரையின் உயரத்தைக் குறிக்கும் வேலையை அந்த மாணவனிடமே கொடுத்தோம். முதலாவது, அவன் பென்சிலைக் கூராக்கி எடுக்குமுன் அடங்கிற்று. மூன்றாவதும் நான்காவதும் ஓட்டை விழுந்த கூரைபோற் சரிந்தன. இரண்டாவது நின்றது. வகுப்பிலே ஒரு சத்தமும் இல்லை. அவன் குனிந்து, ஒரு கண்ணை மூடி, அளந்து அளந்து எழுதிக்கொண்டிருந்தான்.

நுரை தேய்வதிலும் ஓர் ஒழுங்கு உண்டென்பதை அவனுக்குக் காட்டினோம். ஆறு சென்ரிமீற்றர் நுரை மூன்றாவதற்கு இரண்டு நிமிடம் செல்லுமாயின், மூன்று ஒன்றரையாவதற்கும் ஏறத்தாழ இரண்டு நிமிடமே செல்லும். மியூனிக் பல்கலைக்கழகத்து ஆர்ண்ட் லைக்கே என்பார் பியர் நுரையிலே இவ்விதியைக் காட்டி, 2002இல் 'இக் நோபல்' என்னும் பரிசைப் பெற்றார். முதலிற் சிரிக்கவும் பின்னர் சிந்திக்கவும் செய்யும் ஆய்வுகளுக்கே அப்பரிசு. கதிரியக்கப் பொருள்கள் தேய்வதும் இவ்வொழுங்கிலேயே என்று விஞ்ஞான ஆசிரியர் வந்து விளக்கியபோது, மாணவன் தன் அட்டவணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எம்மை நோக்கி, "அப்ப, இதுல மந்திரம் ஒன்னும் இல்ல சேர்" என்றான்.

விறாந்தையில் நின்ற தாயாருக்கு ஒரு கிளாஸ் கொடுத்தோம். முதலில் முகர்ந்து பார்த்தார். பின்னர்ச் சிறிது பருகினார். மேலுதட்டிலே வெள்ளை ஒட்டியது, முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"இதுல என்ன சேர் போட்டீங்க?"

"கடலை அவிச்ச தண்ணி, அம்மா."

"அதையா? நாங்க கொட்டுறதுதானே!" என்று சிரித்தார். எமது வகுப்பின் வாயிலிலே அவர் சிரித்தது அதுவே முதன்முறை.

இவ்வாய்வினால் அந்த வீட்டிலே குடி நின்றுவிட்டது என்று நாம் எழுதப் போவதில்லை. ஒரு கிளாஸ் இஞ்சிப் பானத்துக்கு அத்துணை வலிமை இல்லை. கூலியும், குடியிருப்பும், களைப்பும், மாலைப் பொழுதுக்கு வேறு போக்கிடம் இன்மையும் கலந்த நோய் அது. ஆயினும் ஒரு பிள்ளை, தன் வீட்டைக் கலக்கிய ஒன்றை அச்சமும் ஆசையும் இன்றி அடிமட்டத்தால் அளந்தான். அளந்தபின் அவன் கேட்ட கேள்விகள் வேறாயின. தேயிலைத் தொழிற்சாலையிலே கொழுந்து கறுப்பது ஏன், தேநீரில் நுரை எழுவது ஏன், பால் பொங்குவது ஏன் என்று வரிசையாகக் கேட்டான். அவற்றுட் பலவற்றுக்கு விடை தேடி நாமும் விஞ்ஞான ஆசிரியரின் வகுப்பறையை நாட வேண்டியதாயிற்று.

பழைய மாணவர்களாகிய அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். தோட்டப் பாடசாலைகளுக்கு உதவ எண்ணுவோர், பெரிய ஆய்வுகூடம் கட்டித் தருவதற்குப் பொருள் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கண்ணாடிக் கிளாஸ் நான்கும், அடிமட்டமும், நொடி காட்டும் கடிகாரமும், கடலை அரைக் கிலோவும் போதும். இவற்றோடு ஒரு சனிக்கிழமை காலையையும் தந்தால் பெரிது. மாணவர்களும் இதனைத் தத்தம் வீட்டிலே செய்து பார்க்கலாம். கடலை நீரோடு, பார்லி அவித்த நீரையும் பயறு அவித்த நீரையும் வைத்து எது நெடுநேரம் நிற்கின்றதென்று அளந்து, அட்டவணையை அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: கிளாசைச் சவர்க்காரமிட்டுக் கழுவினால், தெளிந்த நீரில் மூன்று முறையேனும் அலசி, துணியால் துடையாமல் கவிழ்த்து உலர வைத்தே தொடங்குங்கள். வடையைப் பின்னர்த் தின்னலாம்.